ராத்திரி ரெண்டு மணிவரை லேப்டாப்: இது வேலைதானா?

கருங்கல் அக்காவுக்கு,

அன்றைக்குப் பேச்சு முடிவதற்குள் உங்கள் பஸ் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். "பி.இ. முடிச்சவன் ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் லேப்டாப்புக்க முன்னால இருக்கான். கேட்டா வேலை தேடுகேன்னு சொல்லுகான். இதெல்லாம் உள்ளதா?" என்று கேட்டீர்கள். உள்ளதுதான்.

நம் ஊரில் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தவர் மாடி எடுக்க நினைத்தால் என்ன செய்வார்? நாலு கொத்தனாரைக் கூப்பிட்டு, "இன்ன அளவு, இத்தனை நாளில் முடியணும், உங்க ரேட் என்ன?" என்று கேட்பார். அப்வொர்க், ஃப்ரீலான்சர் மாதிரியான தளங்களில் நடப்பதும் இதுதான். வேலை வேண்டியவர் தேவையை எழுதிப் போடுகிறார். செய்யத் தெரிந்தவர்கள் விலை சொல்லி விண்ணப்பிக்கிறார்கள். வித்தியாசம், இங்கே நாலு கொத்தனாருக்குப் பதில் சில சமயம் ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். ஃபைவர் கொஞ்சம் வேறு. அங்கே நாம் கடை விரித்து வைக்க, வாங்குபவர் தேடி வருவார். 2010-ல் தொடங்கியபோது எதற்கும் அஞ்சு டாலர் என்று வைத்ததால் அந்தப் பெயர்.

இனி பணம். உங்கள் பயம் முழுக்க அங்கேதான் இருந்தது. மொத்த ரேட் பேசிய வேலை என்றால், வாங்குபவர் முன்கூட்டியே பணத்தைத் தளத்திடம் கட்டிவிட வேண்டும். பணம் வந்து சேர்ந்ததாகத் தளம் காட்டிய பிறகுதான் வேலையில் கை வைக்க வேண்டும். அப்வொர்க்கில் வேலையை ஒப்படைத்த பின் அவர் 14 நாள் வாயே திறக்காவிட்டால் பணம் தானாக நம் பக்கம் வந்துவிடும். தளமும் சும்மா செய்யவில்லை. ஃபைவர் 20 சதவீதம் பிடிக்கும். 50 டாலர் வேலைக்குக் கையில் 40 தான். அப்வொர்க்கில் பிடித்தம் 15 சதவீதம் வரை போகும். அதோடு விண்ணப்பிக்கவே 'கனெக்ட்' என்ற டோக்கன் செலவாகும், ஒன்று 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட் போய்விடும். கண்டதற்கெல்லாம் விண்ணப்பித்தால் சம்பாதிக்கும் முன்னாலேயே காசு கரையும்.

உங்கள் பையன் சறுக்குகிற இடமும் அதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவன் ஃபோனில் காட்டிய ஒரு வேலை நினைவிருக்கிறதா? நாற்பது நிமிட மலையாளப் பேட்டி, அதற்கு ஆங்கில சப்டைட்டில். கேட்டவர் கடைசி வரியில், "விண்ணப்பத்தை 'நீலம்' என்ற சொல்லோடு தொடங்குங்கள்" என்று எழுதியிருந்தார். முழுதாகப் படித்தவர் யார் என்று பார்க்க இப்படி ஒரு கண்ணி வைப்பார்கள். தம்பி எழுதியது: "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, ஐந்து மொழிகள் தெரியும், வாய்ப்பளியுங்கள்." நீலமும் இல்லை, பேட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு மலையாளம் காதிலேயே ஊறிக் கிடக்கிறது, அதையாவது சொல்லியிருக்கலாம். "நீலம். முதல் ரெண்டு நிமிடத்துக்கு சப்டைட்டில் செய்து இணைத்திருக்கிறேன். பேசுபவரின் திருவனந்தபுரம் வழக்கு எனக்குப் பழக்கம். மூன்று நாளில் தருகிறேன்." இவ்வளவு போதும். மாதிரி கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். முழு வேலையையும் மாதிரியாகக் கேட்கிறவன் ஓசியில் முடிக்கப் பார்க்கிறான்.

ராத்திரி விழிப்புக்கும் பாதி நியாயம் உண்டு. நியூயார்க்கில் காலை பத்து என்றால் நமக்கு இரவு ஏழரை, அங்கே குளிர்காலமானால் எட்டரை. அவர்கள் ஆபீஸ் திறக்கும் அந்த நேரத்தில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ரெண்டு மணிவரை முழித்திருப்பது வேலைக்காக இருக்காது, அக்கா!

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தளத்துக்கு வெளியே டெலிகிராமில் வா, பணத்தை நேரே தருகிறேன் என்பவர்களிடம் போகக் கூடாது. வெளியே போனால், பணத்தைத் தளம் முன்கூட்டியே வாங்கி வைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. டைப்பிங் வேலைக்குப் பதிவுக் கட்டணம் கேட்பது, பிறகு "பிழை அதிகம், வக்கீல் நோட்டீஸ் வரும்" என்று மிரட்டுவது பழைய மோசடி. என்னிடம் வந்த ஒரு பெண் அந்த மிரட்டலுக்குப் பயந்து காதுக் கம்மலை அடகு வைத்துக் கட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். அப்படி ஏதாவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். தளத்தில் தம்பி வைத்திருக்கும் கணக்கை யாராவது வாடகைக்குக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

பாலிடெக்னிக் லேப் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னீர்களே, அதற்கும் போடச் சொல்லுங்கள். பகலில் அது, இரவில் ரெண்டு மணி நேரம் இது. ஆறு மாதம் பார்ப்போம். "எவ்வளவு வந்தது?" என்று தினமும் கேட்காதீர்கள். முதல் வேலை கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். முதல் ரெண்டு மூன்று வேலைக்கு நல்ல ரேட்டிங் விழும்வரை எல்லோருக்கும் அந்தப் பாடுதான்.

அடுத்த முறை தம்பியையும் கூட்டி வாருங்கள். கடைசியாக அனுப்பிய பத்து விண்ணப்பத்தையும், அவை எந்த வேலைக்குப் போனவையோ அந்த அறிவிப்புகளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பான் கார்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் அதற்கும் அன்றைக்கே விண்ணப்பித்துவிடலாம்.