ஆயில் பேனுக்குள் ஒரு தடுப்புத் தகடு: போடலாமா, வேண்டாமா?

ஆயில் பேன் என்பது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அதற்குள் போடும் தடுப்புத் தகடான பேஃபிள் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, பேஃபிள் என்ன வேலை செய்கிறது? அது இல்லாமலும் கார் ஓடத்தானே செய்கிறது?

ஒரு அகலத் தட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு வேகமாகத் திரும்பிப் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நிற்கும், மறுபக்கம் தட்டின் அடி தெரியும். ஆயில் பேனுக்குள் நடப்பதும் இதுதான். வளைவில் பக்கவாட்டு விசை 0.5 ஜி (புவியீர்ப்பில் பாதி) இருந்தால் ஆயிலின் மேற்பரப்பு சுமார் 27 பாகை சாயும். 1 ஜி என்றால் 45 பாகை. ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வாய் அந்த நேரத்தில் வெளியே தெரிந்துவிட்டால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். பேஃபிள் என்பது அந்தக் குழாயைச் சுற்றி ஆயிலை ஓடவிடாமல் பிடித்து வைக்கிற தகடு. நல்லதில் ஒருபக்கம் மட்டும் திறக்கிற சிறு கதவுகள் இருக்கும். ஆயில் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது.

தினமும் வேலைக்கு, வாரக் கடைசியில் மலைப்பாதைக்கு. சாதா டயர். போடட்டுமா?

வேண்டாம். மலைப்பாதை வளைவுகள் பெரும்பாலும் குறுகியவை. ஆயில் சாய்ந்து, குழாய் வெளிப்படும் முன்பே நீங்கள் வளைவிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரு லிட்டர் குறைந்த ஆயிலோடு ஓடும் காருக்கு எந்த பேஃபிளும் முழுதாகக் கைகொடுக்காது.

டிராக்குக்கு (பந்தயத் தடத்துக்கு) போகத் தொடங்கியிருக்கிறேன். நன்றாக ஒட்டிப் பிடிக்கும் செமி ஸ்லிக் டயரும் வாங்கிவிட்டேன். இப்போது?

இப்போது போடுங்கள். டயர் மாறியதுமே கணக்கு மாறிவிட்டது. சாதா டயரில் காரே வழுக்கி ஆயிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒட்டுகிற டயரில் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

விசையைவிட முக்கியம், அது எத்தனை நொடி நீடிக்கிறது என்பது. உயர் ஆர்பிஎம்மில் பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு அரை லிட்டர். பேனில் இருப்பது நாலரை லிட்டர். மேலே போன ஆயில் சிலிண்டர் ஹெட்டிலிருந்து வடிந்து இறங்க நேரம் எடுக்கும். ஆறேழு நொடி நீளும் வளைவில் பேன் எவ்வளவு காலியாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் காரில் இது நடந்திருக்கிறது. நீண்ட வலது வளைவில் ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு ஒரு கண நேரம் மின்னி அணைந்தது. கவனிக்காமல் இன்னும் நாலு சுற்று ஓட்டினேன். இரண்டு வாரம் கழித்து, ஆக்ஸிலரேட்டரை விடும்போது அடியிலிருந்து டக் டக் என்று சத்தம். பேனைக் கழற்றினால் அடியில் மினுமினுப்பான தூள், கிளிட்டர் தூவியதுபோல. பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் (என்ஜினின் சுழலும் முக்கியத் தண்டைப்) பிடிக்கும் இடத்தில் இருக்கும் ராட் பேரிங் ஒன்றைக் கையில் எடுத்தேன். சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருக்க வேண்டிய மேற்பரப்பு தேய்ந்து, நடுவில் செம்பு தெரிந்தது. பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான். அதில் ஆயிலுக்குப் பதில் காற்று வந்தால், ஒரு நொடி கூட அதிகம்.

ஆயில் அழுத்த மீட்டர் ஊசி அசைவதே இல்லை. அப்போது பிரச்சினை இல்லைதானே?

பல கார்களில் அந்த ஊசி சட்டென்று விழாதபடி மென்மைப்படுத்தப்பட்டிருக்கும். எச்சரிக்கை விளக்கோ, பொதுவாக அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) கீழே போன பிறகுதான் எரியும், அதற்குள் சேதம் தொடங்கியிருக்கும். தனியாக ஒரு பிரஷர் சென்சார் போட்டு, பக்கவாட்டு ஜியோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். வளைவில் அழுத்தக் கோடு குழிவிழுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பேஃபிள் வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினால் போதாதா?

கால், அரை லிட்டர் அதிகம் வைத்து டிராக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய. உதவும். அதற்கு மேல் போனால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பம்ப்புக்குப் போனால் காற்றை இழுத்த கதைதான்.

விண்டேஜ் ட்ரே (windage tray) இருக்கிறது, அதே வேலைதானே?

இல்லை. அது கிராங்க்கையும் ஆயிலையும் பிரித்து வைப்பது. ஆயில் பக்கவாட்டில் ஓடுவதை அது பெரிதாகத் தடுக்காது.

எந்தக் கார்களுக்கு இது அவசியம்?

டொயோட்டா செலிகாவிலும் லோட்டஸ் எலீஸிலும் வந்த அந்த உயர் ஆர்பிஎம் 1.8 லிட்டர் என்ஜின், ஒட்டுகிற டயரோடு டிராக்குக்குப் போனால் பேஃபிள் கேட்கும். போர்ஷே 944 டிராக்கில் 2-ஆம் நம்பர் ராட் பேரிங்கைத் தின்பதற்குப் பேர்போனது. பாக்ஸர் என்ஜின்களில் வேறொரு சிக்கல்: சிலிண்டர்கள் படுத்திருப்பதால் வளைவில் ஆயில் ஹெட்டுக்குள் போய் நின்றுவிடும். பேனில் இல்லாத ஆயிலை பேஃபிள் பிடிக்க முடியாது.

அப்படிப்பட்ட இடத்தில் அக்யூசம்ப் என்று சொல்லப்படும் குடுவை உதவும். அழுத்தத்தில் ஆயிலைச் சேர்த்து வைத்து, அழுத்தம் விழும்போது சில நொடிக்குக் கொடுக்கும். ஸ்லிக் டயரோடு பந்தயமே ஓட்டுகிறீர்கள் என்றால் டிரை சம்ப், அதாவது ஆயிலைப் பேனில் தேக்காமல் தனி டாங்கில் வைக்கிற அமைப்பு. பழைய காற்றுக் குளிர்ச்சி 911-இல் தொடக்கத்திலிருந்தே அது உண்டு. 2006 கார்வெட் இசட்06-க்கும் கம்பெனியிலேயே அதைக் கொடுத்தார்கள்.

நானே மாட்டலாமா சார்?

பேன் சுலபமாக இறங்குகிற காரென்றால் தாராளமாக. சிலதில் சப்ஃபிரேமை (என்ஜினுக்கு அடியில் இருக்கும் சட்டத்தை) இறக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். போல்ட்டுக்கெல்லாம் லாக்டைட் (கழலாமல் பிடிக்கும் பசை) போடுங்கள், உள்ளே கழன்று விழுந்தால் தேடி எடுக்க முடியாது. குழாய் வாய்க்கும் பேன் அடிக்கும் இடைவெளி 6 முதல் 9 மி.மீ. வரை இருக்கட்டும், களிமண் உருண்டையை வைத்து அழுத்தி அளந்துவிடலாம். பேஃபிள் வெல்டிங் செய்து பற்றவைக்கிற வகையானால் அலுமினிய பேன் வளையும், கேஸ்கெட் முகத்தை நேர்கோல் வைத்துப் பாருங்கள். சிலிக்கோனை மெல்லிசாகப் போடுங்கள். உள்பக்கம் பிதுங்கியது உரிந்து வந்து பிக்கப் குழாயின் வலையை அடைக்கும்.

போட்டாயிற்று. ஆனாலும் 7,000 ஆர்பிஎம்மில், இடது வளைவில் மட்டும் 4.5 பாரிலிருந்து 1.5-க்கு இறங்குகிறது. ஏன்?

ஒரே திசையில் மட்டும் என்பதுதான் துப்பு. இடது வளைவில் ஆயில் வலப்பக்கம் ஓடும், அதைத் தடுக்க வேண்டியது வலப்பக்கக் கதவு. அது தலைகீழாக மாட்டப்பட்டு வெளியே திறக்கிறதா, அல்லது சிக்கி மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பிக்கப் குழாயின் ஓ-ரிங், வெல்டிங் விரிசல், இரண்டையும் பாருங்கள். அதுவரை டிராக் வேண்டாம் தம்பி. பேனைக் கழற்றும்போதே ஒரு ராட் பேரிங்கைத் திறந்து பார்த்துவிடுங்கள், 1.5 பாரில் எத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்று தெரியாதே.