எக்ஸ்சேஞ்ச் 2016: புதியதற்கு மாறும் வழி

கேள்வி: அலுவலகத்தில் மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2016 ஓடுகிறது. அதன் மேலேயே புதிய பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனை நிறுவலாமா?

பதில்: முடியாது. அந்த வசதி 2019-க்கு மட்டுமே. 2016-ஐ சியு23 என்ற அதன் கடைசித் தொகுப்புப் புதுப்பிப்புக்கு (Cumulative Update) உயர்த்தி, வேறொரு சர்வரில் புதியதை நிறுவி, அஞ்சல் பெட்டிகளை நகர்த்துங்கள். 2016-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

நிறுவியதும் அவுட்லுக்கில் சான்றிதழ் எச்சரிக்கை கிளம்பலாம். புதிய சர்வர் தன் பெயரையே ஆட்டோடிஸ்கவர் முகவரியாக (அவுட்லுக் தன் அமைப்புகளைத் தேடும் முகவரி), அலுவலகக் கணக்குகளின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் பதிந்துகொள்வதுதான் காரணம். பழைய முகவரியையே அதற்கும் கொடுத்தால் அடங்கிவிடும்.

பெரிய தலைவலி, டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் லாக் கோப்புகள். 200 ஜிபி பெட்டிகளை நகர்த்தினால் ஏறக்குறைய அதே அளவு லாக் சேரும். டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸ் நின்றுவிடும். எக்ஸ்சேஞ்சை அறிந்த (அதன் டேட்டாபேஸை முறையாகக் கையாளும்) பேக்கப் எடுத்தால் லாக் குறையும். எனவே பிரித்துப் பிரித்து நகர்த்துங்கள்.

எக்ஸ்சேஞ்ச் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் ஆர்பிட்ரேஷன் பெட்டிகளையும் புதிய சர்வருக்கு மாற்றுங்கள். இல்லையேல் பழைய டேட்டாபேஸை நீக்க விடாது. மெயில் அனுப்பும் ஸ்கேனருக்கான ரிசீவ் கனெக்டரை (வரும் மெயிலை ஏற்கும் அமைப்பு) புதிய சர்வரில் அமைக்க எல்லோரும் மறப்பார்கள்!