Re: அப்பாவுக்கு பழைய ட்ரீட்மென்ட் குடுக்கறாங்களா?

தம்பி, பதறாதீங்க. அப்பாவோட உணவுக்குழாய் கேன்சருக்கு ஃப்ளாட் (FLOT, நாலு மருந்து சேந்த) கீமோதான் பெஸ்ட்னு நெட்ல பாத்ததா சொல்லி, மும்பை பரேல்ல டாக்டர் ஏன் ரேடியேஷன் சேத்து சொல்றார்னு கேட்டிருக்கீங்க. பயாப்ஸில ஸ்குவாமஸ்னு (உணவுக்குழாயோட உள்தோல் செல்லுல வர்ற கேன்சர் வகை) வந்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்கல்ல, விஷயமே அதுலதான் இருக்கு.

நீங்க படிச்சது ஜெர்மனில நடந்த எசோபெக் ட்ரையலா இருக்கும், அதுல ஃப்ளாட் எடுத்தவங்க உயிரோட இருந்த மீடியன் காலம் (பாதிப்பேர் அதுக்கு மேல இருந்தாங்க) 66 மாசம், ரேடியேஷன் பக்கம் 37 மாசம், ஆனா அதுல சேத்தது எல்லாமே அடினோகார்சினோமா (சுரப்பி செல்லுல வர்ற கேன்சர்) பேஷன்ட்ஸ், அப்பாவோடது வேற வகை, அந்த நம்பர இங்க கொண்டுவந்து பொருத்தவே கூடாது. ஸ்குவாமஸுக்கு நெதர்லாந்து க்ராஸ் ட்ரையலத்தான் பாக்கணும். 5 வாரம் வாராவாரம் கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல்னு ரெண்டு கீமோ மருந்து, கூடவே 23 ரேடியேஷன், அப்புறம் ஆபரேஷன். ஸ்குவாமஸ்காரங்களுக்கு மீடியன் 81.6 மாசம், வெறும் ஆபரேஷன்னா 21.1. டாக்டர் சொல்றது சரியாத்தான் தோணுது எனக்கு.

செகண்ட் ஒபினியன் கேட்டா தப்பில்ல, ஆனா அதுக்காக நாள தள்ளாதீங்க. முக்கியமா அப்பாவோட வெயிட்ட பாத்துக்கங்க, கஞ்சி கூட எறங்கலன்னா டயட்டீஷியன்கிட்ட உடனே சொல்லுங்க, சாப்பாடு குடுக்க ட்யூப் வெக்கணும்னா பயப்பட வேண்டாம். சயான்லேர்ந்து தெனமும் ட்ரெயின்ல கூட்டிட்டு போறது கஷ்டம், டாக்ஸிலயே போங்க.