ஞானஸ்நானம் எடுக்காம இறந்த அப்பா

அப்பா கடைசி ரெண்டு மாசம் இயேசுவ நம்பி ஜெபம் பண்ணாரு, ஆனா ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே இறந்துட்டாரு, நரகம்தான்னு சபைல ஒருத்தர் சொல்லிட்டாருன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் மனசு கனத்துப் போச்சுங்க. லூக்கா 23 எடுத்துப் பாருங்க, இயேசுவுக்குப் பக்கத்துல சிலுவையில தொங்குன அந்தக் கள்ளனுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தா? என்னை நினைச்சுக்கோங்கன்னு மட்டும்தான் கேட்டான், இன்னைக்கே நீ என்கூட பரதீசுல இருப்பேன்னு இயேசு சொல்லிட்டாரு. சில சபைங்க தண்ணியில இறங்காம ரட்சிப்பே இல்லன்னு கறாரா இருப்பாங்க, தெரியும், ஆனா மாற்கு 16:16 ரெண்டாவது பாதியையும் சேர்த்துப் படிங்க, விசுவாசியாதவனுக்குத்தான் ஆக்கினைத்தீர்ப்பு, ஞானஸ்நானம் எடுக்காதவனுக்குன்னு அங்க இல்லவே இல்ல. ஞானஸ்நானத்தை அவ்வளவு வலியுறுத்துற கத்தோலிக்க மறைக்கல்வி நூலே, கடவுள் அந்தச் சடங்குக்குக் கட்டுப்பட்டவர் இல்லன்னு 1257ம் பத்தியில சொல்லுதுங்க. அம்மாகிட்டயும் இதைப் படிச்சுக் காட்டுங்க.