ஜேசன் ஃபார்மேட்டர் சைட்டை எல்லாம் ஆபீஸ்ல பிளாக் பண்ணிட்டாங்க, இனி என்ன பண்றது?

கேள்வி: பேக்எண்ட் டெவலப்பரா ஒன்றரை வருஷமா வேலை பாக்குறேன். ஜேசனை (JSON, புரோகிராம்கள் டேட்டா பரிமாறிக்கிற எழுத்து வடிவம்) அடுக்கிப் பாக்க, பேஸ்64 (டேட்டாவை சாதா எழுத்தா மாத்தி வைக்கிற முறை) பிரிக்க, டைம்ஸ்டாம்ப் (1970-ல இருந்து எண்ணுற நேர எண்) மாத்த, ரெண்டு ஃபைலை கம்பேர் பண்ணன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெப்சைட் புக்மார்க்ல வச்சிருந்தேன். போன வாரம் செக்யூரிட்டி டீம் மொத்தத்தையும் பிளாக் பண்ணிட்டாங்க, கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. மாத்து வழி என்ன? இதுவரைக்கும் அதுல ஒட்டினதுக்கு ஏதாவது வம்பு வருமா?

பதில்: செக்யூரிட்டி டீமை திட்டாதீங்க, அவங்க பண்ணது சரிதான். நானே ஒரு தடவை மாட்டியிருக்கேன், டேட்டாபேஸ் பாஸ்வேர்டோட இருந்த கான்ஃபிக் ஃபைலை ஒரு ஃபார்மேட்டர்ல ஒட்டி, பக்கத்துல இருந்த சேவ் பட்டனை பழக்கதோஷத்துல அமுக்கிட்டேன், உடனே குட்டியா ஒரு லிங்க் வந்துச்சு, யார் திறந்தாலும் அந்த பாஸ்வேர்ட் தெரியும், டெலிட் பட்டன்னு ஒண்ணு எங்க தேடியும் இல்ல. சைட் பேரு வேண்டாம், இப்படி நூறு இருக்கு.

நீங்க சொன்ன நாலு வேலையும் உங்க மெஷின்லயே நடக்கும், டேப் மாத்தி காப்பி பேஸ்ட் பண்ற நேரத்துல பாதி கூட ஆகாது.

ஜேசன்ல ஆரம்பிக்கலாம். எடிட்டர் விஎஸ் கோடா இருந்தா புது ஃபைல் திறந்து, ஒட்டி, கீழ மூலையில லாங்குவேஜை ஜேசன்னு மாத்தி, விண்டோஸ்ல ஷிஃப்ட் ஆல்ட் எஃப் அமுக்குங்க, முடிஞ்சுது. டெர்மினல்ல கமாண்ட் அடிக்கிற ஆளுன்னா ஜேசனை அடுக்கவும் தேடவும் உதவுற ஜேக்யூ (jq) டூலை போட்டுக்கோங்க, 2012-ல ஸ்டீஃபன் டோலன் எழுதினது, ஒரே ஒரு பைனரி, வேற எதையும் இழுத்துட்டு வராது. சர்வர்ல இருந்து டேட்டா எடுக்கற கர்ல் கமாண்ட் கடைசியில ஒரு பைப் போட்டு ஜேக்யூ, ஸ்பேஸ், ஒரு புள்ளி, அவ்ளோதான், கலரோட அடுக்கி வந்துரும். ஆனா வெறும் அடுக்கறதுக்கு மட்டும் ஜேக்யூவை வச்சுக்காதீங்க. பெரிய ரெஸ்பான்ஸ்ல ஃபெயில் ஆன ஆர்டரோட ஐடி மட்டும் வேணும்னா செலக்ட் போட்டு ஒரே வரியில எடுத்துரலாம், வெப்சைட்ல ஸ்க்ரோல் பண்ணி கண்ணு வலிக்க தேடுற வேலை இல்ல. எதுவும் இன்ஸ்டால் பண்ண அனுமதி இல்லையா, பைதான் இருக்கும்ல, அதுக்குள்ளயே ஜேசன் டூல்னு ஒரு மாட்யூல் சேர்ந்தே வருது, பைதான் டேஷ் எம் போட்டு கூப்பிட்டா போதும்.

இங்க ஒரு விஷயத்தை கொஞ்சம் நிதானமா பாருங்க, ஏன்னா இது பல பேரை ராத்திரி உக்கார வச்சிருக்கு. பிரௌசர்ல ஓடுற ஃபார்மேட்டர் நிறைய ஜேசனைப் படிக்கிற ஜாவாஸ்கிரிப்ட்டோட பார்ஸ் ஃபங்ஷனை நம்பித்தான் இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் 2-இன் 53-ஆவது அடுக்கு வரைக்கும்தான் துல்லியமா இருக்கும், அதாவது 9007199254740992. உங்க ஐடி 9007199254740993-ன்னு இருந்தா ஃபார்மேட் ஆகி வரும்போது கடைசி 3 சத்தமில்லாம 2 ஆயிரும். நீங்க அதை காப்பி பண்ணி டேட்டாபேஸ்ல தேடுவீங்க, ரெக்கார்டே இல்லன்னு வரும், எங்க டேட்டா காணாம போச்சுன்னு லாகை குடைவீங்க. பழைய ஜேக்யூலயும் இதே கோளாறு உண்டு, 1.7 வெர்ஷன்ல இருந்து நம்பரை தொடாம விட்டா அப்படியே வச்சிருக்கும், கூட்டல் கழித்தல் பண்ணா மட்டும் மறுபடி வெட்டு விழலாம். அதனால போடும்போதே வெர்ஷன் பாத்து போடுங்க.

பேஸ்64, டைம்ஸ்டாம்ப், யூஆர்எல் டிகோட், ஹேஷ், ஹெக்ஸ் இதுக்கெல்லாம் தனித்தனியா தேடாதீங்க, சைபர்செஃப் ஒண்ணு போதும். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா இதை செஞ்சது பிரிட்டனோட உளவு அமைப்பு ஜிசிஎச்க்யூ, 2016-ல ஓப்பன் சோர்ஸா விட்டாங்க. டேட்டா வெளிய போகக்கூடாதுன்னு உளவுத்துறை டூலையா சொல்றீங்கன்னு கேப்பீங்க, நியாயம்தான், ஆனா கோடு திறந்து கிடக்கு, ஜிப்பா டவுன்லோட் பண்ணி ஹெச்டிஎம்எல் ஃபைலை திறந்துட்டு நெட்டை பிடுங்கிட்டாலும் ஓடும், இதைவிட என்ன சாட்சி வேணும். இடது பக்கத்துல இருந்து வேணுங்கற ஆபரேஷனை இழுத்து வரிசையா அடுக்கணும், அதுக்கு ரெசிபின்னு பேரு, பேஸ்64 பிரி, அப்புறம் ஜிஜிப் சுருக்கத்தை அவிழ், அப்புறம் ஜேசனை அடுக்குன்னு சங்கிலியா போகும். ஒண்ணு மட்டும் கவனிங்க, ரெசிபியையும் நீங்க ஒட்டின டேட்டாவையும் அட்ரஸ் பார் லிங்க்குக்குள்ளயே வைக்கிற வசதி இதுல இருக்கு, அந்த லிங்க்கை அப்படியே டீம் சாட்ல போட்டா டேட்டாவும் கூடவே போகும்.

டைம்ஸ்டாம்ப்புக்கு ஒரு கை மருந்து: பத்து இலக்கம்னா செகண்ட், பதிமூணு இலக்கம்னா மில்லிசெகண்ட். தேதி 1970 ஜனவரிக்கு போய் நின்னா செகண்டை மில்லிசெகண்டா படிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். பாதி நேரம் கன்வர்ட்டரே தேவைப்படாது.

லாகின் பண்ணது யாருன்னு சர்வருக்கு காட்டுற ஜேடபிள்யூடி (JWT) டோக்கன் பத்தி நீங்க கேக்கல, ஆனா பேஸ்64 பிரிக்கிற ஆளு கண்டிப்பா அதையும் ஒட்டியிருப்பீங்க. இ ஒய் ஜே-ன்னு மூணு எழுத்துல ஆரம்பிச்சு நடுவுல ரெண்டு புள்ளி இருந்தா அது ஜேடபிள்யூடிதான், ஏன்னா ஜேசனோட முதல் பிராக்கெட்டையும் மேற்கோள் குறியையும் அடுத்து வர்ற எழுத்தையும் பேஸ்64-ல போட்டா அப்படித்தான் ஆரம்பிக்கும். சாதாரணமா நம்ம கைக்கு வர்றதுல உள்ள இருக்கறதை யாரு வேணா படிக்கலாம், அது பூட்டி வைக்கிற என்க்ரிப்ஷன் இல்ல, யாரும் மாத்தலன்னு காட்டுற சைன் மட்டும்தான். ஆனா எக்ஸ்பைரி ஆகாத டோக்கன்னா அது வீட்டுச் சாவி மாதிரி, எடுத்தவன் உங்க பேருல உள்ள போயிருவான். சைபர்செஃப்லயே இதுக்கு தனி ஆபரேஷன் இருக்கு, அங்கயே பிரிச்சுக்கோங்க.

ரெண்டு ஃபைல் கம்பேருக்கு விஎஸ் கோடுல ஃபைலை ரைட் கிளிக் பண்ணி செலக்ட் ஃபார் கம்பேர். கிளிப்போர்டுல இருக்கறதோட ஒப்பிடவும் கமாண்ட் பேலட்ல ஒரு கமாண்ட் இருக்கு, நிறைய பேருக்கு தெரியல. கிட் டிஃப்ல நோ இண்டெக்ஸ்னு போட்டா ரெப்போவுல இல்லாத ஃபைலையும் ஒப்பிடும்.

எல்லாத்தையும் இப்படி உள்ள இழுத்துட்டு வரணும்னு நான் சொல்லல. குறிச்ச நேரத்துல வேலையை தானா ஓட்டச் சொல்ற கிரான் வரியை புரிஞ்சுக்க கிரான்டேப் குரு சைட்டுக்கு போறீங்களா, போங்க, அஞ்சு நட்சத்திரத்துல என்ன ரகசியம் இருக்கு. கோடை கம்பைலர் எப்படி மாத்துதுன்னு காட்டுற மேட் காட்போல்ட்டோட கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் மாதிரி டூல் மெஷின்ல செட் பண்றது பெரிய வேலை, அதுல கம்பெனி கோடை ஒட்டாம சின்னதா மாதிரி கோடு எழுதி பாருங்க. டாக்குமெண்டேஷனுக்கு டெவ்டாக்ஸ், ஆஃப்லைன்லயும் வச்சுக்கலாம்.

ஒரு சைட் டேட்டாவை அனுப்புதா இல்லையான்னு சந்தேகம்னா நீங்களே பாக்கலாம். எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப் போங்க, இருக்கறதை கிளியர் பண்ணுங்க, டம்மி டேட்டாவை ஒட்டி பட்டனை தட்டுங்க. புதுசா ரிக்வெஸ்ட் ஏதாவது கிளம்புனா அதைத் திறந்து பேலோட்ல நீங்க ஒட்டினது இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. இல்லைன்னாலும் இன்னிக்கு இல்ல, அவ்ளோதான், நாளைக்கு அவங்க ஸ்கிரிப்ட்டை மாத்தினா உங்ககிட்ட சொல்லிட்டா செய்வாங்க? ஏஐ சாட் பாக்ஸ்ல லாகை கொட்டுறதும் இதே கணக்குதான், கம்பெனி அனுமதிச்ச டூலா இல்லையான்னு கேட்டுட்டு பண்ணுங்க.

வேகத்துக்கு இன்னும் ரெண்டு சேத்துக்கோங்க. தேடுறதுக்கு ரிப்கிரெப், 2016-ல வந்தது, கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்க வேண்டாத ஃபைல் பட்டியல்) இருக்கறதை தானா தாண்டிரும், விஎஸ் கோடு தேடலுக்குள்ள ஓடுறதும் இதுதான். பழைய கமாண்டை தேட எஃப்இசட்எஃப், கன்ட்ரோல் ஆர் அமுக்கி ஞாபகம் இருக்கற ரெண்டு துண்டை அடிச்சா போதும், வந்து நிக்கும்.

இனி ஒட்டினது பத்தி. வெறும் சாம்பிள் ஜேசன்னா விடுங்க. பாஸ்வேர்ட், ஏபிஐ கீ, பிரைவேட் கீ எதுவா இருந்தாலும் போயிருச்சுன்னே வச்சுக்கிட்டு கீயை மாத்துங்க, லிங்க்கை அழிச்சேன்னு நம்பி உக்காராதீங்க. புதுசை போட்டு சர்வீஸ் ஓடுதான்னு பாத்துட்டு பழசை ரிவோக் பண்ணுங்க, அதாவது செல்லாததாக்குங்க, வரிசை மாறினா புரொடக்ஷன் படுத்துரும். கஸ்டமர் டேட்டா ஒட்டியிருந்தா நீங்களா மூடி மறைக்காம செக்யூரிட்டி டீம்கிட்ட எந்த சைட், ஏறக்குறைய எந்த தேதின்னு சொல்லிருங்க, பிரௌசர் ஹிஸ்டரியில தேதி கிடைக்கும், அதை இன்னிக்கே எடுத்து வச்சுக்கோங்க, குரோம்ல ஹிஸ்டரி 90 நாளுக்கு மேல நிக்காது.