அனுப்பியாச்சு என்கிறார்கள், அம்மாவின் பணம் எங்கே?

கேள்வி: என் அம்மாவுக்கு வரவேண்டிய அரசு உதவித்தொகை நான்கு மாதமாகக் கணக்கில் ஏறவில்லை. அலுவலகத்தில் “அனுப்பியாச்சு” என்கிறார்கள். வங்கியிலோ “ஆதார் இணைந்துதான் இருக்கிறது” என்கிறார்கள். யாரைப் போய்க் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். முதலில் அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: பணம் கணக்கு எண்ணுக்குப் போகிறதா, ஆதார் எண்ணுக்கா? கணக்கு எண் என்றால், பதிவில் உள்ள எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பாஸ்புக்கோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஆதார் வழி என்றால், என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் போக வழி செய்யும் தேசிய நிறுவனம்) வைத்திருக்கும் பட்டியலில் அம்மாவின் ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாகச் சேர்த்தது எதுவோ அது. கேஒய்சிக்காக, அதாவது வங்கியின் அடையாளச் சரிபார்ப்புக்காக, ஆதார் நகல் கொடுத்து இணைப்பது வேறு, இந்தப் பட்டியலில் ஏற்றும் ‘சீடிங்’ வேறு. குழப்பமே இங்கேதான். இடையில் வேறு வங்கியில் கணக்குத் திறந்து, படிவத்தில் மானியம் பெற ஒப்புதல் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால், பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும்.

மைஆதார் இணையதளத்தில் அம்மாவின் ஆதார் எண், ஓடிபி கொடுத்து உள்ளே போய் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். வங்கியின் பெயரும் ஆக்டிவா இன்ஆக்டிவா என்பதும் தெரியும். முழுக் கணக்கு எண்ணை எதிர்பார்க்காதீர்கள். ஆதாரில் இருக்கும் மொபைல் எண் இப்போது கையில் இல்லையென்றால், ஆதார் சேவை மையத்தில் அதை மாற்றிக்கொள்ளலாம். அங்கே அம்மாவை நேரில் அழைத்துப் போகவேண்டும்.

வேறு வங்கியின் பெயர் வந்தால் பதறவேண்டாம். அங்கே போய்ப் பாஸ்புக் பதியச் சொல்லுங்கள். பணம் ஏறியிருந்தால் அது அம்மாவின் பணம்தான், எடுத்துக்கொள்ளலாம். பிறகு வேண்டிய வங்கியில் “டிபிடி (அரசு நேரடியாகக் கணக்கில் செலுத்தும் உதவி) பணம் இந்தக் கணக்குக்கு வரவேண்டும், என்பிசிஐயில் சீடிங் செய்யுங்கள்” என்றே சொல்லிப் படிவம் கொடுங்கள். பழைய வங்கியின் பெயரையும் அதில் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சில நாள் கழித்து மறுபடி ஸ்டேட்டஸ் பார்க்காமல் விடாதீர்கள்.

வங்கி சரியாக இருந்து இன்ஆக்டிவ் என்று வந்தால், மறுபடி சீடிங் செய்யவேண்டும். கணக்கே முடங்கியிருந்தால் முதலில் கேஒய்சி புதுப்பிக்கவேண்டும். முழு கேஒய்சி இல்லாத சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. ஆனால் அரசு உதவித்தொகை வரவுக்கு அந்த வரம்பு பொருந்தாது.

கணக்கில் ஏறாமல் திரும்பிய தொகை அனுப்பிய துறைக்கே போய்விடும். சீடிங் சரியானதும் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். எந்தெந்த மாதம் வரவில்லை என்று குறித்து, பயனாளி எண், புதிய ஸ்டேட்டஸ் நகல், பாஸ்புக் நகலோடு நிலுவை கேட்டு மனு கொடுங்கள்.