கம்பி எங்கள் தலைக்கு மேலே, பங்கு எங்கே?

காற்றாலை, சூரிய மின் பூங்கா, அணை, மின்கோபுரம் என்று ஏதாவது ஒன்று வருகிற ஊர்களுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசியே எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. "இந்தத் திட்டத்தில் எங்களுக்கு என்ன?" என்று பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நிலத்துக்கு இழப்பீடு கொடுத்தாயிற்று, அதற்கு மேல் ஊருக்கு எதற்குப் பங்கு என்கிறார் கம்பெனிக்காரர். என்ன சொல்வது?

பதில்: இழப்பீடு என்பது கையை விட்டுப் போனதற்கு. பங்கு என்பது இனி வரப்போகிற வருமானத்தில். இரண்டையும் ஒன்றாகக் குழப்ப விடாதீர்கள். நிலத்தைக் கொடுத்தவருக்கு ஒரு தடவை பணம் வந்தது. காற்றாலை இருபத்தைந்து வருடம் சுற்றும். அதன் சத்தமும், கனரக லாரிகள் உடைத்த சாலையும், சுருங்கிப் போன மேய்ச்சலும் நிலம் விற்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். குத்தகைக்கு உழுதவர், ஆடு மேய்த்தவர் பெயரெல்லாம் இழப்பீட்டுப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

ஒரு கூட்டம் இன்னும் மனதில் நிற்கிறது. அதிகாரி திரையில் படம் போட்டு ஒன்றரை மணி நேரம் விளக்கினார். கடைசியில் பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "கம்பி எங்க தலைக்கு மேலதான போகுது, வெளிச்சம் எங்க வீட்டுக்கு வருமா?" என்று கேட்டார். அன்றைக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொன்ன நாடுகள் உண்டு. நார்வேயில் பெரிய நீர்மின் நிலையங்கள் தங்கள் மின்சாரத்தில் 10 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு அடக்க விலையை ஒட்டித் தர வேண்டும். இந்தியாவின் 2008ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை, திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 வருடத்துக்கு மாதம் 100 யூனிட் என்று எழுதி வைத்திருக்கிறது.

கேள்வி: பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். போதாதா?

பதில்: கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். திறப்பு விழாவோடு கம்பெனியின் கடமை முடிந்துவிடும், ஆலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆலையின் அளவோடோ உற்பத்தியோடோ இணைத்து, வருடா வருடம் வருகிற ஒரு தொகையைக் கேளுங்கள்.

ஸ்காட்லாந்தில், கடலில் இல்லாமல் நிலத்தில் நிறுத்தும் காற்றாலைகளுக்கு வழக்கத்தில் இருப்பது, ஆலையின் திறனில் ஒரு மெகாவாட்டுக்கு வருடம் 5,000 பவுண்டு. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். 20 மெகாவாட் என்றால் முதல் வருடமே ஒரு லட்சம் பவுண்டு. ஜெர்மனியின் சட்டம் வேறு மாதிரி: காற்றாலையிலிருந்து 2.5 கிலோமீட்டருக்குள் இருக்கும் உள்ளாட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை தரலாம் என்கிறது. கேட்கும்போது தூசு மாதிரி இருக்கும். 5 மெகாவாட் காற்றாலை ஒன்று வருடத்துக்கு 1.2 கோடி யூனிட் உற்பத்தி செய்தால் 24,000 யூரோ. ஒரே ஒரு ஆலைக்கு, ஒரே ஒரு வருடத்துக்கு.

மெகாவாட் கணக்கா, யூனிட் கணக்கா என்றால் நான் மெகாவாட் பக்கம். காற்றில்லாத வருடத்திலும் ஊருக்குப் பணம் வரும், மீட்டர் அளவைப் பற்றிச் சண்டையும் வராது.

கேள்வி: பணம் வந்தால் நாலு பெரிய மனிதர்கள்தான் சாப்பிடுவார்கள். அதற்கு என்ன வழி?

பதில்: நியாயமான பயம். பணம் வராமல் கெட்டுப்போன ஊரையும் பார்த்திருக்கிறேன், பணம் வந்ததால் இரண்டுபட்ட ஊரையும் பார்த்திருக்கிறேன். முதல் காசு வருவதற்கு முன்பே விதிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழுவில் நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் பெயரளவுக்கு ஒரு நாற்காலி போதாது, வாக்கோடு இடம் வேண்டும். கணக்கை எல்லோரும் பார்க்கிற சுவரில் ஒட்ட வேண்டும். காசோலையில் கையெழுத்துப் போடுபவரும் செலவைத் தணிக்கை செய்பவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. அப்புறம், எந்தெந்தக் குடியிருப்பு "உள்ளூர்" என்பதை வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானியுங்கள். பிற்பாடு வருகிற சண்டையில் பாதி அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

வருவதை எல்லாம் அந்த வருடமே செலவழிக்காமல் ஒரு பகுதியை மூலதனமாக ஒதுக்குவது நல்லது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அமெரிக்காவோடு செய்த கொலம்பியா நதி ஒப்பந்தப்படி கட்டிய அணைகளால் வயலும் ஊரும் மூழ்கிய பகுதிக்காக 1995இல் ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். ஆரம்பப் பணத்தை வைத்தே மின் திட்டங்களில் முதலீடு செய்தார்கள். அதில் வருகிற வருமானத்தில் இன்றும் அந்தப் பகுதிக்குச் செலவு செய்கிறார்கள். மூழ்கியது திரும்பி வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: நாங்களே காசு போட்டுத் திட்டத்தில் பங்கு வாங்கினால் லாபமா?

பதில்: கையில் பணம் இருப்பவருக்கு லாபமாக இருக்கலாம். டென்மார்க்கில் 2009 சட்டப்படி புதிய காற்றாலையின் 20 சதவீதப் பங்கை, 4.5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முதலில் விற்க முன்வர வேண்டியிருந்தது. ஆனால் வாங்குவதற்குக் காசு வேண்டுமே. 2020இல் அந்த முறையை எடுத்துவிட்டு, பக்கத்து வீடுகளுக்கு வருடா வருடம் ஒரு தொகை தரும் முறைக்குப் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் அரசு ஏலத்தில் தேர்வாகிற மின் திட்டங்களில் குறைந்தது 2.5 சதவீதப் பங்கு உள்ளூர்ச் சமூகத்துக்கு. அந்தப் பங்கைப் பெரும்பாலும் கடனில்தான் வாங்குகிறார்கள், அதனால் முதல் பல வருடங்களின் லாபம் கடனுக்கே போய்விடுகிறது. பங்கு என்றால் "எந்த வருடத்திலிருந்து கையில் காசு?" என்று கேளுங்கள்.

கேள்வி: ஊரே சொந்தமாக நடத்த முடியுமா?

பதில்: முடியும். ஸ்காட்லாந்தின் கீயா தீவு மக்கள் 2002இல் தீவையே விலைக்கு வாங்கினார்கள். கொஞ்ச நாளில் பழைய காற்றாலைகள் மூன்றை, ஒவ்வொன்றும் 225 கிலோவாட், வாங்கி நிறுத்தி மின்தொகுப்புக்கு விற்றார்கள். வந்த பணம் வீடுகளைச் செப்பனிடப் போனது. செகண்ட் ஹேண்ட் இயந்திரம்தான், ஆனால் முடிவு எடுத்தது அவர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மின்கோபுரம் மட்டும்தான். அதற்கும் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. பிரிட்டனில் 2025இல், புதிய கோபுரங்களுக்கு 500 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு மின்கட்டணத்தில் வருடம் 250 பவுண்டு வரை, 10 வருடத்துக்குத் தள்ளுபடி என்று அறிவித்தார்கள்.

கேள்வி: பங்கு வாங்கிக்கொண்டால் திட்டத்தை எதிர்க்கும் உரிமை போய்விடுமா?

பதில்: போகக் கூடாது. அப்படி எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நார்வேயின் ஃபோசன் பகுதியில் சாமி என்ற பழங்குடி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் காற்றாலைகள் வந்தன. குளிர்காலத் தீவனத்துக்குப் பணம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கீழ் நீதிமன்றம் நினைத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அந்த மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது என்று சொல்லி அனுமதி செல்லாது என்றது. சம்மதம் முதலில், பங்கு அப்புறம். ஒரு ஊர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத நிலையில் கொடுக்கப்படுகிற பணத்தைப் பங்கு என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: கம்பெனியை வேறு யாராவது வாங்கிவிட்டால்?

பதில்: அடிக்கடி நடக்கிறது. "உரிமை யார் கைக்கு மாறினாலும் இந்தக் கடமையும் கூடவே மாறும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், கட்டுமானம் தொடங்குவதற்கு முன் சேர்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் சுற்ற ஆரம்பித்த பிறகு அந்த வரியைச் சேர்ப்பது மிகவும் கடினம்.